சால்மன் வஞ்சிரம் இல்லை: தோல் மொறுமொறுப்பாக, சதை காயாமல் வறுப்பது எப்படி? கூட என்ன காய்?

தண்டையார்பேட்டை வீட்டில் இரண்டு சால்மன் துண்டு வரவழைத்து, வஞ்சிரத்துக்குப் போடுகிற அதே மசாலாவைத் தடவி, ஒரு மணி நேரம் ஊறவைத்து, தோசைக்கல்லில் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தோல் கல்லோடு ஒட்டிக்கொண்டது. திருப்பும்போது மீன் உடைந்தது. ஓரமெல்லாம் வெள்ளையாக ஏதோ கசிந்தது. மசாலா கருகியது, சதை சக்கையானது, வாடை மறுநாளும் போகவில்லை. எங்கே தப்பு, கூட என்ன காய் வைக்கலாம் என்பது கேள்வி.

உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. மீன்தான் வேறு. வஞ்சிரத்தை நாம் குறுக்கே வட்டத் துண்டாக வெட்டுகிறோம். நடுமுள்ளும் சுற்றியிருக்கிற தோலும் துண்டைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். சதையும் இறுகலானது, நல்ல தீயைத் தாங்கும். சால்மன் ஃபில்லட்டில் நடுமுள் கிடையாது, ஒரு பக்கம் மட்டும் தோல். சதை ஏடு ஏடாக அடுக்கியிருக்கும். ஏடுகளுக்கு நடுவே இருக்கிற மெல்லிய சவ்வு கொஞ்சம் சூடு பட்டாலே இளகிவிடும். அதனால் வெந்த சால்மனை இரண்டு மூன்று தடவை புரட்டினால் உடையாமல் என்ன செய்யும்? இன்னொன்று கொழுப்பு. பண்ணையில் வளர்ந்த சால்மனில் 100 கிராமுக்குச் சுமார் 13 கிராம் கொழுப்பும் 20 கிராம் புரதமும் உண்டு. சரியான சூட்டில் அந்தக் கொழுப்பு வெண்ணெய் மாதிரி வாயில் கரையும், தீ மிஞ்சினால் எண்ணெய் வாடையாகத் திரும்பி வரும். ஆக, தீயையும் மசாலாவையும் குறைக்க வேண்டும். மசாலாவும் புளியும் செய்கிற வேலையைத் தட்டின் ஓரத்தில் இருக்கிற பச்சைக் காயிடம் கொடுத்துவிட வேண்டும்.

வாங்கியது சால்மன்தானா என்று முதலில் பாருங்கள். காசிமேட்டில் கிடைக்கிற காலா மீனைத்தான் பல கடைகளிலும் ஆப்களிலும் 'இந்தியன் சால்மன்' என்று போட்டு விற்கிறார்கள். காலா நம் கடல் மீன், சதை வெள்ளை, முன்துடுப்புக்குக் கீழே நூல் நூலாகத் தொங்கும். சால்மனுக்கும் அதற்கும் உறவே இல்லை. நல்ல மீன்தான், ஆனால் விலையும் சமைக்கிற விதமும் வேறு. இங்கே சொல்வது ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்புச் சதையில் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு வரி ஓடுகிற அட்லாண்டிக் சால்மனுக்கு. நம் ஊருக்கு வருவதில் பெரும்பங்கு நார்வே பண்ணை மீன், ஐஸில் வைத்து விமானத்தில் வரும் அல்லது உறைந்து வரும். நம் கடலில் இது கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாமல் வஞ்சிரமும் வவ்வாலும் விலை ஏறும்போது இதன் விலை மட்டும் பெரிதாக அசையாததற்கு அதுதான் காரணம். மற்றபடி வஞ்சிரத்தைவிட எப்போதும் விலை கூடுதல்தான். முதல் தடவை இரண்டு துண்டுக்கு மேல் வாங்க வேண்டாம்.

சிவப்பு நிறம் ஊசி போட்டு ஏற்றிய சாயம் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படியில்லை. கடலில் தானாக வளர்கிற சால்மன் இறால் வகைகளைத் தின்று அஸ்டாக்சாந்தின் என்ற நிறமியைப் பெறுகிறது. பண்ணையில் அதையே தீவனத்தில் கலந்து கொடுக்கிறார்கள். வெந்த இறால் சிவப்பதும் அதே நிறமியால்தான்.

வாங்கும்போது தோலோடு கேளுங்கள். ஒரே கனமாக இருக்கிற நடுப்பகுதித் துண்டு, ஒன்று 180 கிராம், கனம் இரண்டரை சென்டிமீட்டர், இதுதான் வீட்டுத் தவாவுக்குத் தோது. வால் பக்கம் மெலிந்திருக்கும், நடு வேகும் முன் அது காய்ந்துவிடும். வயிற்றுப் பக்கம் கொழுப்பு அதிகம், அதுவும் மெலிது. கடைக்காரர் பழக்கதோஷத்தில் வஞ்சிரம் மாதிரி குறுக்கே வெட்டிவிடுவார், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சதையை விரலால் அழுத்தினால் குழி எழுந்து வர வேண்டும். ஏடுகள் பிளந்து இடைவெளி தெரிந்தால் பழசு, அல்லது கரைத்து மறுபடி உறைய வைத்தது. மீன் வாடை மூக்கைத் துளைத்தால் வாங்காதீர்கள். சமைத்தால் அது குறையாது, கூடும்.

உறைந்த மீனாக இருந்தால் முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். எட்டிலிருந்து பத்து மணி நேரம் பிடிக்கும். காற்று நீக்கிய பாக்கெட் என்றால் கரைய வைக்கும் முன்பே பாக்கெட்டைக் கிழித்து மீனை மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றிவிட வேண்டும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளர்கிற பொட்டுலினம் கிருமியில் ஒரு வகை ஃப்ரிட்ஜ் குளிரிலும் பெருகக்கூடியது, அதனால்தான். அவசரமென்றால் ஜிப் கவரில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் 30, 40 நிமிடத்தில் கரையும். ஆனால் மே மாதத்து மொட்டைமாடி டேங்க் தண்ணீரைக் குளிர்ந்த தண்ணீர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதில் போட்டால் வெளிப்புறம் கெடத் தொடங்கும்போது உள்ளே இன்னும் கட்டியாக இருக்கும். ஐஸ் கட்டி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கழுவுவது. கல் உப்பு, மஞ்சள், புளி போட்டுத் தேய்க்கிற பழக்கத்தை இந்த மீனுக்கு விட்டுவிடுங்கள். ஃபில்லட் ஏற்கனவே சுத்தம் செய்து வந்தது, தேய்த்தால் ஏடுதான் பிரியும். மனசு கேட்கவில்லையென்றால் குழாயடியில் ஒரு நொடி காட்டி எடுங்கள். விரலை மேலாக ஓட்டிப் பார்த்தால் தலைப்பக்கத்திலிருந்து பாதிக்கு மேல் ஒரே வரிசையில் மெல்லிய முட்கள் தட்டுப்படலாம். இடுக்கியால், இல்லாவிட்டால் புருவம் எடுக்கிற பிளக்கரால், தலைப்பக்கம் சாய்த்து இழுங்கள். செங்குத்தாக இழுத்தால் சதையும் கூட வரும். தோலில் நகத்தை வாலிலிருந்து தலை நோக்கி ஓட்டி, செதில் மிச்சம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உப்பு. மீனின் எடையில் நூற்றில் ஒரு பங்கு. 360 கிராம் மீனுக்கு மூன்றரை கிராம், அதாவது தூள் உப்பு அரை டீஸ்பூனுக்குச் சற்று மேல். சதைப் பக்கமும் தோல் பக்கமும் சமமாகத் தூவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் 20 நிமிடம் வையுங்கள். பிறகு மேலே முத்து முத்தாக நிற்கிற தண்ணீரை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள். தோல் மேல் கத்தியின் முதுகை அழுத்தி ஓட்டினால் உள்ளே தேங்கிய ஈரம் வெளியே வரும், அதையும் துடையுங்கள். தோல் தொட்டால் காகிதம் மாதிரி இருக்க வேண்டும். தோல் ஒட்டுவதற்கு ஈரம்தான் பெரிய காரணம். ஈரம் ஆவியாகி முடியும்வரை தோல் வறுபடாது, வேகும். வெந்த தோல் பசை மாதிரி உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் மசாலாவில் எலுமிச்சைச் சாறும் இஞ்சி பூண்டு விழுதும் இருந்திருக்கும், ஒரு மணி நேரம் ஊறியதில் தோலும் நனைந்து, புளிப்பில் சதையின் மேல்பகுதி வெளுத்துக் கெட்டியாகியிருக்கும்.

பாத்திரம்: அடிகனமான நான்ஸ்டிக் தவா இருந்தால் முதல் தடவைக்கு அதுவே போதும். நன்றாகப் பழகிய இரும்புக் கல்லிலும் வரும். ஆனால் பல வீட்டுத் தோசைக்கல் நடுவில் லேசாகக் குழிந்திருக்கும், எண்ணெய் நடுவில் தேங்கி ஓரம் காயும். தட்டையான கல்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ. நல்லெண்ணெயின் வாசம் சால்மனோடு சண்டை போடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், மீனிலேயே கொழுப்பு இருக்கிறது.

இரும்புக் கல்லை மிதமான தீயில் மூன்று நிமிடம் சூடாக்கி எண்ணெய் விடுங்கள். எண்ணெய் நெளிந்து ஓட வேண்டும், புகையக் கூடாது. தோல் பக்கம் கீழே இருக்கும்படி, உங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாகச் சாய்த்து மீனை வையுங்கள், எண்ணெய் கையில் தெறிக்காது. வைத்ததும் தோல் சுருங்கி வில் மாதிரி வளையும். உடனே தோசைத் திருப்பியால் 15 நொடி மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். வளைந்தபடியே விட்டால் நடுத்தோல் கல்லைத் தொடாமல் ரப்பராக நிற்கும். அப்புறம் தீயை மிதத்துக்கும் சிறிதுக்கும் நடுவில் இறக்கிவிட்டு ஆறேழு நிமிடம் தொடாமல் இருங்கள். இந்த ஆறேழு நிமிடம்தான் பலருக்குக் கஷ்டம். கை பரபரக்கும், ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்க்கத் தோன்றும். தூக்கினால் தோல் கிழியும். மொறுமொறுப்பான தோல் தானாகவே கல்லை விட்டுக் கொடுக்கும், இழுத்துப் பார்த்து வரவில்லையென்றால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். நான்ஸ்டிக் தவா என்றால் வெறுமனே காய வைக்கவே வேண்டாம். ஆறிய தவாவில் எண்ணெய் தடவி, மீனை வைத்து, மிதமான தீயில் தொடங்குங்கள். இரண்டு நிமிடம் கூடுதலாகும், ஆனால் தோலடிக் கொழுப்பு நிதானமாக உருகி, தோல் அந்தக் கொழுப்பிலேயே பொரியும்.

நேரத்தைவிட நிறத்தை நம்புங்கள். துண்டைப் பக்கவாட்டில் பார்த்தால் கீழிருந்து மேலாக நிறம் வெளுத்துக்கொண்டே ஏறுவது தெரியும். முக்கால் உயரம் ஏறியதும் ஒரே ஒரு தடவை திருப்புங்கள், அடுப்பை அணைத்துவிடுங்கள், தவா சூட்டில் ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு தோல் மேலே இருக்கும்படி தட்டுக்கு மாற்றி இரண்டு நிமிடம் சும்மா விடுங்கள். அதற்குள் உட்சூடு இன்னும் சில டிகிரி ஏறும்.

நீங்கள் பார்த்த அந்த வெள்ளைக் கசிவு அழுக்கோ கொழுப்போ இல்லை. மீனில் இருக்கிற புரதம், பொதுவாக அல்புமின் என்பார்கள். தீ அதிகமாகிச் சதை இறுகும்போது அது வெளியே பிதுங்கி, மேலே வந்து தயிர் மாதிரி உறைகிறது. கொஞ்சம் வந்தால் குற்றமில்லை. நிறைய வந்தால் தீ அதிகம் அல்லது நேரம் அதிகம். மேலே சொன்ன 20 நிமிட உப்பு இதையும் குறைக்கும். இன்னும் குறைய வேண்டுமென்றால் அரை லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 25 கிராம் உப்பு கரைத்து மீனை 10 நிமிடம் முக்கி எடுத்துத் துடைக்கலாம். அப்படிச் செய்தால் தூவுகிற உப்பு வேண்டாம்.

எவ்வளவு வேக வேண்டும்? குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால், உட்சூடு 52 டிகிரி செல்சியஸில் சதை ஈரமாக, நடுவில் லேசான கண்ணாடித் தன்மையோடு இருக்கும். ஓட்டல்களில் பெரும்பாலும் இப்படித்தான். அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி 63 டிகிரி என்கிறது. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் சாப்பிடுகிற வீட்டில் 63-ஐயே பிடித்துக்கொள்ளுங்கள். திருப்பிய பின் சிறு தீயில் இரண்டு நிமிடம் கூட வைத்தால் அங்கே வந்துவிடும், உப்பு போட்டுத் துடைத்த மீன் அப்போதும் அவ்வளவாகக் காயாது. தெர்மாமீட்டர் இல்லையா? கத்தி முனையால் கனமான இடத்தில் லேசாக விலக்குங்கள். ஏடுகள் அடம்பிடிக்காமல் பிரிந்து, உள்ளே ஈரப் பளபளப்பு இருந்தால் போதும். ஏடுகள் தானாகவே உதிர்ந்து, இழை இழையாகத் தெரிந்தால் தாண்டிவிட்டது.

மசாலாவே வேண்டாமா என்று கேட்பீர்கள். கொஞ்சம் போடலாம். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கால் டீஸ்பூன் மிளகுத்தூள், கால் டீஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் குழைத்து, அடுப்பில் வைக்கப் போகும் நேரத்தில் சதைப் பக்கம் மட்டும் தடவுங்கள். அந்தப் பக்கம் கடைசி ஒரு நிமிடம்தானே தவாவைத் தொடும், கருகாது. தோல் பக்கம் எதுவும் கூடாது. சோளமாவு, அரிசிமாவு, முட்டை எல்லாம் இந்த மீனுக்கு அநியாயம். அவ்வளவு விலை கொடுத்து வாங்கி மாவுக்குள் ஒளித்து வைப்பானேன்? திருப்பியதும் ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலையைத் தவா ஓரத்தில் போட்டுப் பொரித்து மேலே தூவலாம். அது நன்றாக ஒத்துப்போகும்.

இனி காய். கொழுப்பான மீனுக்குப் பக்கத்தில் இருப்பது புளிப்பாகவும், நறுக்கென்று கடிபடுவதாகவும், குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். உருளைக்கிழங்கு வறுவலும் தேங்காய்ப்பால் கூட்டும் கொழுப்பின் மேல் கொழுப்பு. வெள்ளரித் தயிர்ப் பச்சடி பொருந்தும், ஆனால் மீனோடு தயிர் சேர்க்காத வீடுகள் இங்கே நிறைய. அதனால் என் தேர்வு வெள்ளரி, முள்ளங்கி, மாங்காய் போட்ட கோசுமல்லி.

இரண்டு பேருக்கு: பாசிப்பருப்பு இரண்டு டேபிள்ஸ்பூன், 40 நிமிடம் ஊறவைத்துச் சுத்தமாக வடித்தது. பிஞ்சு வெள்ளரி 200 கிராம், நடு விதையைச் சுரண்டிவிட்டுப் பொடியாக நறுக்கியது. வெள்ளை முள்ளங்கி சின்னதாக ஒன்று, துருவி ஒரு சிட்டிகை உப்பில் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்தது, காரநெடி பாதி போய்விடும். கிளிமூக்கு மாங்காய்த் துருவல் மூன்று டேபிள்ஸ்பூன், மாங்காய் இல்லாத மாதங்களில் அரை எலுமிச்சம்பழம். பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய் ஒன்று, கைப்பிடி கொத்தமல்லி. தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய், அரை டீஸ்பூன் கடுகு, ஒரு சிட்டிகை பெருங்காயம். வழக்கமாகப் போடுகிற தேங்காய்த் துருவலை இதில் விட்டுவிடுங்கள். மீனே அந்த வேலையைச் செய்கிறது. கேரட்டும் வேண்டாம், இனிப்பு கூடிப்போகும்.

காயை நறுக்கி, தாளிப்பை ஆறவிட்டுக் கலந்து, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். உப்பும் மாங்காயும் மட்டும் மீன் தவாவை விட்டு இறங்கிய பிறகு. முன்னாலேயே உப்பு போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டு, கோசுமல்லி கஞ்சியாகும். மீன் சற்று நேரம் ஓய்வெடுக்கிற இரண்டு நிமிடம் இதற்குச் சரியாக இருக்கும். பரிமாறும்போது காயை மீனுக்கு மேலேயோ கீழேயோ வைக்காதீர்கள். சாறு தோலில் பட்டால் நீங்கள் ஆறு நிமிடம் பொறுத்ததெல்லாம் வீண். தட்டில் ஓரமாக, அல்லது தனிக் கிண்ணத்தில்.

சூடான காய்தான் வேண்டுமென்றால், 150 கிராம் பீன்ஸை உப்புத் தண்ணீரில் மூன்று நிமிடம் வேகவைத்து வடித்து, மீன் வறுத்த அதே தவாவில் எண்ணெயைப் பாதி இறுத்துவிட்டு, நசுக்கிய பூண்டு நாலு பல்லோடு பெருந்தீயில் இரண்டு நிமிடம் புரட்டுங்கள். இறக்கி எலுமிச்சை பிழியலாம். சாதத்துக்கு மிளகு ரசம் போதும். காரக்குழம்பு ஊற்றினால் மீன் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கடையில் சால்மன் தலை கிடைத்தால் கதை வேறு: அதைப் புளி தூக்கலாகப் போட்ட மீன்குழம்பில் கடைசி எட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடலாம், தலை தாங்கும்.

வாடைக்கு வருவோம். மீன் எண்ணெய் அதிகச் சூட்டில் சிதைவதுதான் பெரும்பகுதி காரணம். தீயைக் குறைத்தாலே பாதி தீர்ந்தது. அடுப்பை அணைத்ததும் தவாவில் இருக்கிற எண்ணெயைக் காகிதத்தில் துடைத்து, கவரில் கட்டி அன்றைக்கே வெளியே போட்டுவிடுங்கள். அந்த எண்ணெயை எடுத்து வைத்து மறுநாள் தாளிக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

மீந்துபோனால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெயில் காலத்தில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். அதைத் துண்டாகவே மறுபடி சுட வைத்தால் நாள்பட்ட எண்ணெய் வாடை அடிக்கும். அதற்கும், தீ மிஞ்சிச் சக்கையாகிப்போன மீனுக்கும் ஒரே வழி சுறாப்புட்டு முறைதான். தோலை எடுத்துவிட்டுச் சதையை உதிர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, சோம்பு, பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு பத்துப் பல், பச்சை மிளகாய் மூன்று, கறிவேப்பிலை, மஞ்சள்தூள் போட்டு வெங்காயம் நன்றாக வதங்கியதும் மீனைச் சேர்த்துச் சிறு தீயில் மூன்று நிமிடம் கிளறுங்கள். மீன் ஏற்கனவே வெந்தது, சூடானால் போதும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், மீனில் முன்பே இருக்கிறது. எடுத்து வைத்த தோலை வெறும் தவாவில் திரும்ப மொறுமொறுப்பாக்கி மேலே நொறுக்கிப் போட்டால், நெத்திலி வறுவலுக்கு அடுத்தபடி ரசம் சாதத்துக்கு அதுதான்.